கோட்டிடம் தோற்ற வழக்கு

பிள்ளைகளே, ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் "சரி, சரி" என்று கிளம்பிவிடுகிற குணம் உங்களுக்கு என்னிடமிருந்துதான் வந்தது. அம்மா சொல்வது உண்மை. அந்தக் குணம் ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என்று எழுதிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த வக்கீல் ஐயா ஒரே வகை வழக்குதான் எடுப்பார். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் ஃபீஸில் தகராறு என்றால் அவரிடம்தான் வருவார்கள். கோர்ட்டு வராந்தாவில் அவரைக் கண்டால் மற்ற வக்கீல்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை அவர் ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. (நான் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.)

மயிலம் பக்கத்துக் கன்னியம்மாள் ஒருநாள் அழுதுகொண்டு வந்தார். அவருடைய நிலப் பத்திரம் திண்டிவனத்து வக்கீல் ஒருவரின் கேஸ் கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. முப்பதாயிரம் ஃபீஸ் பாக்கி என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். ஐயாயிரம்தான் என்றார் இவர். மறுநாள் பத்திரத்தைக் கோர்ட்டில் காட்டாவிட்டால் மல்லாட்டைக் கடலை போடும் ஒன்றரை ஏக்கர் கொழுந்தன் கைக்குப் போய்விடும்.

"திண்டிவனம் போயி கட்ட வாங்கிக்கினு வா. ஃபீஸப் பத்தி வாயத் தொறக்காத. அப்புறம், அந்த வக்கீலு..." என்றார் ஐயா.

"சரிங்க ஐயா!" பாதிப் படி இறங்கிவிட்டேன்.

திண்டிவனத்தில் உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வக்கீல் வீட்டு முன்னறை திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. ஊதுபத்தி வாசம். (சாமி கும்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.) உயரமான நாற்காலி ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் கறுப்புக் கோட்டின் தோள்கள் தெரிந்தன. மேலே வெள்ளையாய் நரைமுடி.

"வணக்கங்க ஐயா. கன்னியம்மா கட்டு விஷயமா வந்தேன்."

பதில் இல்லை. வெளியே அவ்வளவு வெயில், அந்த அறையில் மட்டும் கை சில்லிட்டது.

"ஐயாயிரம் குடுத்துடுறோங்க." அமைதி. "சரி, பத்து." அமைதி. வாயே திறக்காமல் ஃபீஸை ஏற்றுகிற வக்கீலை நான் அதுவரை பார்த்ததில்லை. பயத்தில் இருபதுக்குப் போனேன். கடைசியில், "முப்பதும் குடுத்துடுறோங்க, அந்தம்மா பொழைக்கணும்" என்று கெஞ்சினேன்.

கோட்டின் வலது கை மெல்ல எழுந்தது. அலமாரியின் அடித்தட்டைக் காட்டியது. விழுந்தது.

அங்கே சிவப்புத் துணியில் கன்னியம்மாள் கட்டு! முப்பதாயிரம் தருவதாக மேஜையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். கும்பிட்டுத் திரும்பினால், உள்வாசலில் ஓர் அம்மா.

"யாருகிட்டங்க பேசிக்கினு இருக்கீங்க?"

"ஐயாகிட்டதாம்மா."

"அவரு தவறி மூணு மாசம் ஆவுதே!"

அப்போதுதான் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். நாற்காலியில் மாட்டியிருந்தது வெறும் கோட்டு, நரைமுடி என்று நான் நினைத்தது அதன் மேல் போட்டிருந்த துண்டு. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, கட்டோடு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன்.

மறுநாள் பத்திரத்தைக் காட்டினோம். நிலம் தப்பியது. அதற்கடுத்த நாள் நான் எழுதிய காகிதத்தோடு அந்தத் திண்டிவனத்து அம்மாவே விழுப்புரம் வந்துவிட்டார்.

ஐயா அதை இரண்டு முறை படித்தார். "செத்துட்டாரு, அவரு சம்சாரத்துகிட்ட கேளுன்னு சொல்றதுக்குள்ள ஓடிட்டியேடா! முப்பதாயிரத்துக்கு ஒத்துக்கினு வந்திருக்கியே, அப்படி என்னாதாண்டா வாதாடினாரு?"

"ஒண்ணுமே பேசலைங்க ஐயா."

"அதான் ஜெயிச்சிட்டாரு."

பணத்தை ஐயாவே கொடுத்தார். பிறகு என் சம்பளத்தில் மாதம் மாதம் பிடித்தார். அன்று புறப்படும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூணு மாசமா அந்தக் கட்டத் தேடாத எடமில்ல தம்பி. உங்களுக்கு எப்படிக் கெடச்சிது?"

"கோட்டு கை ஆடுச்சும்மா. ஃபேன் காத்துல..."

"அந்த ரூம்ல ஃபேனே ஓடாதே. ரிப்பேராயி ரெண்டு வருஷமாவுது."

இப்போது நான் புத்தி சொல்ல ஆரம்பித்தாலே என் சட்டையை நாற்காலியில் மாட்டி, "அப்பா, இதுகிட்ட சொல்லு, முழுசா கேக்கும்" என்கிறீர்கள். அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். அதற்கு முன்னால் ஃபேன் ஓடுகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.