நடுக்கிழங்கின் மானம் காக்கக் கோவிந்தன் எடுத்த போர்

இந்தக் காலத்து ஜனங்களின் நடப்பே தலைகீழ். பந்தல்கால் நட்டவன் கடைசிப் பந்திக்குக் காத்து நிற்கிறான். எவனோ ஒருவனைத் தெரியும் என்று வந்தவன் முதல் பந்தியில் ஏப்பம் விடுகிறான். இக்கொடுமை கண்டு கொதிக்கும் கோமான், ஜீவனஹள்ளிச் சந்தின் சிங்கம், ஆட்டோ மீட்டரையும் டாக்டரையும் ஒருநாளும் நம்பாத உரநெஞ்சன் கோவிந்தன் வாழ்க!

அன்று காலை மருமகள் மமதா, காலேஜ் வேலைக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டுவதற்காக, எட்டு உருளைக்கிழங்குகளை ஈர்க்குச்சியால் கோத்து, பெட்ரோலில் கலந்திருக்கும் ஒரு பொருளின் கார்பன் அணுக்களென அடுப்படி மேடையில் அணிவகுத்து நிறுத்தினாள். ஒரு கார்பன் எத்தனை கார்பன்களைத் தொட்டு நிற்கிறதோ, அதுவே அதன் வகை. அந்த எண்ணைக் கிழங்குதோறும் காகிதக் கொடியாக நட்டுவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

வந்தான் வேங்கை. கண்டான் அநீதி. நாற்புறமும் நால்வரைக் கரம்பற்றித் தாங்கிக் கோட்டைபோல் நடுநின்ற மாக்கிழங்கின் சிரத்தில் நான்காம் எண்! ஓரத்தில் ஒற்றைக் குச்சியில் தொற்றிக் கிடந்த பொடியன்களுக்கோ ஒன்றாம் எண்! விழி சிவக்க, மீசை துடிக்க, கொடி பிடுங்கிக் கொடி நாட்டி நடுவனை முதல்வனாக்கினான்.

"மாமா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று முழங்கியபடி வந்தாள் மமதா.

"நாலு பேரைத் தாங்கறவன் நாலாவதா? தொங்கிட்டுக் கிடக்கறவன் ஒண்ணாவதா? எந்தக் கமிட்டி போட்ட நம்பர் இது?"

"இது பந்தி வரிசை இல்ல மாமா, தொட்டுட்டு நிக்கறதோட எண்ணிக்கை! தப்பாக் கொண்டுபோனா எனக்கு வேலை கிடைக்காது!"

மாமன் ஒருபுறமும் மருமகள் மறுபுறமும் பற்றியிழுக்க, மத்தில் சுற்றிய வாசுகியென நெளிந்த ஈர்க்குச்சிகள் படீரென ஒடிய, மாக்கிழங்கு வேரறுந்த மலையென உருண்டு, அரிவாள்மனையோடு அமர்ந்திருந்த அவன் இல்லாள் லட்சுமம்மாவின் காலடியில் வீழ்ந்தது.

"முடிஞ்சுதா? பல்யா பொரியலுக்கு நறுக்கிடட்டா?" என்றாள் அந்தக் காளி.

மமதாவின் கண் கலங்கியது. கண்டான் கோவிந்தன், மலை நடுங்கியது. "ஏய், கையை எடு!" என்று பாய்ந்து கிழங்கை மீட்டான். தன் கையாலேயே நான்கு குச்சிகளைச் செருகினான். தன் கையாலேயே நான்காம் எண்ணையும் நட்டான்.

"உன் வேலைக்காக ஒத்துக்கறேன், தாயி. நியாயத்துக்கு இல்ல. எழுதினவன் எதிர்ல வந்தா நான் கேப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே கிழங்குப் படையோடு பஸ்ஸுக்கு ஓடினாள். கோவிந்தன் தலையை ஆட்டிக்கொண்டே பல் தேய்க்கப் போனான்.