பின்பக்கம் தூக்கிய மாப்பிள்ளைக் கார்

வீட்டில் ஒருவன் பட்டம் வாங்கிவிட்டால், அவன் படிக்காத வேலைகளையெல்லாம் அவன் தலையில் கட்டுவார்கள். நான் படித்தது பொருளாதாரம். என் தங்கை வசந்தாவின் கல்யாணத்தில் என் பொறுப்பு, கார்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அப்போது பிறக்காதவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுத் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவைத்துவிட்டு ஓய்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி போட்டிருந்த குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் உதவியாளர். எதையும் முறைப்படி செய்பவன் என்று பெயர் (வைத்தவன் நானே). மாப்பிள்ளை சண்முகம் வேலூர்க்காரர், பரம சாது. அவருடைய பெரியப்பா வேறு ரகம். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத்தை முதலில் தன்னிடம் நீட்டவில்லை என்று எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டவர். கெஞ்சி உட்கார வைத்தோம்.

"இன்னொரு தபா எங்க புள்ளைக்கு மரியாத கொறஞ்சுதுன்னா, தாலிய எடுத்துக்கினு போயினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றிலிருந்து நைனாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் திறந்த காரில் ஊர்வலம். கார் கன்னியப்பன் என்பவருடையது. ஊரில் பாதிப் பேர் மாப்பிள்ளையாக அதில் ஏறி வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் அதைத் தள்ளி வந்திருக்கிறார்கள். அன்று மதியம் எங்கள் தெருவுக்கு வரும் வழியிலேயே பின் டயர் ஒன்று வெடித்தது. மற்றொன்று வெடிப்பதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த சைசு டயரு இப்ப வர்றதே இல்ல தம்பி. மெட்ராசுலயும் கெடைக்காது" என்றார் கன்னியப்பன். ஏதோ பெருமையைச் சொல்வது போலச் சொன்னார்.

நடந்தே வாருங்கள் என்று அந்தப் பெரியப்பாவிடம் சொல்ல யாரால் முடியும்? பக்கத்துப் பட்டறையில் பழுதாகி, இரண்டே சக்கரங்கள் மிஞ்சிக் கிடந்த வேன் ஒன்று என் கண்ணில் பட்டது. அதன் சக்கரங்கள் காரினுடையதைவிட அரைச் சாண் உயரம். ஆனால் போல்ட் துளைகள் பொருந்தின.

"பின்னால மட்டும் பெருசா இருக்குமே தம்பி?"

"டிராக்டரப் பாருங்க. முன்னால சின்னது, பின்னால பெருசு. ஓடலியா?"

"டிராக்டருல யாரும் மாப்பிள்ள அழைக்கலியேபா."

"அழைச்சா வேணாங்குமா?"

கன்னியப்பன் சிரித்துவிட்டு ஜாக்கியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் சக்கரங்கள் ஏறின. பசு எழுந்திருக்கும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்குமே, அந்த நிலையில் கார் நின்றது. மாப்பிள்ளை உயரமாகத் தெரிவார், இதுவும் ஒரு மரியாதைதான் என்று எனக்குத் தோன்றியது.

முறைப்படி வெள்ளோட்டமும் பார்த்தேன். காரின் பின்னால், மடித்த கூரைக்கு மேல் கட்டியிருந்த பலகையில் நானே ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரை போய் வந்தேன். ஒரு அசைவு இல்லை. "பார்த்தாச்சு நைனா, பத்திரம்" என்றேன். நைனா அன்று முதல்முறையாகச் சிரித்தார். அந்த மகிழ்ச்சியில் எங்கள் தறியில் நெய்த பட்டு ஒன்றை எடுத்துவந்து பலகையின் மேல் விரித்தார். மாப்பிள்ளைக்கும் பெரியப்பாவுக்கும் கட்டிக்கொள்ள எங்கள் தறிப் பட்டு வேட்டிகள் முன்பே போயிருந்தன.

நான் வெள்ளோட்டம் பார்த்தது பருத்தி வேட்டியில், வெறும் பலகையில். இப்போது சரிவான பலகையின் மேல் பட்டு, பட்டின் மேல் பட்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிற வீட்டில், பட்டு வழுக்கும் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. மேளக்காரர்கள் முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசித்தார்கள். அவர்கள் நின்றால் கன்னியப்பன் பிரேக் போட்டார். அவர் பிரேக் போட்டால் மாப்பிள்ளை முன்னால் வழுக்கினார். வழுக்குவதை மறைக்கக் குனிந்து கும்பிட்டார். தெருவே பூரித்துப் போனது.

"இன்னா அடக்கம் பாரு! எல்லாருக்கும் குனிஞ்சு கும்பிடறாரே!"

காருக்குப் பக்கத்தில் நடந்துவந்த பெரியப்பாவின் முகம் கறுத்தது. "டேய் சண்முகம், நேரா குந்துடா! இன்னாத்துக்குக் கண்டவனுக்கெல்லாம் குனியற?"

"நான் குனியல பெரிப்பா. வண்டி குனியுது."

மண்டப வாசலில் நைனா மாலையோடு நின்றார். அவரைக் கண்ட மரியாதையில் கன்னியப்பன் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டார். மாப்பிள்ளை பலகையிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து காரின் தரைக்கும் இறங்கி, மண்டியிட்டு, கையில் பூச்செண்டோடு நைனாவைக் கும்பிட்டபடி நின்றார். மேளம் நின்றது.

"தாலி கட்டறதுக்கு முன்னாலயே எங்க புள்ளைய மண்டி போட வெச்சிட்டீங்களா?" பெரியப்பாவின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "டேய், எறங்குடா. கெளம்பு!"

மாடி சன்னலில் வசந்தா நிற்பதைப் பார்த்தேன். அவள் வாழ்க்கை என் அரைச் சாணில் தொங்கியது. முன்னால் போய்ச் சொன்னேன்: "மன்னிச்சிக்கங்க. பின்சக்கரம் பெருசு. தப்பு என்னுது. யார் ஒக்காந்தாலும் வழுக்கும்."

"யாரு ஒக்காந்தாலுமா? ஒக்காரத் தெரிஞ்சவன் வழுக்குவானா? தள்ளு!" என்று மாப்பிள்ளையை இறக்கிவிட்டு அவரே காரில் ஏறிப் பலகையில் அமர்ந்தார். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். "ம், ஓட்டு!"

கன்னியப்பன் ஓட்டினார். பிறகு, எதிரே நைனா நின்றதால் நிறுத்தினார். பெரியப்பா பெரிய உடம்புக்காரர். மாப்பிள்ளை போன வழியிலேயே, இன்னும் வேகமாகப் போய், முன் சீட்டின் முதுகில் மோதி, மண்டியிட்டு, விழாமலிருக்க இரண்டு கைகளையும் கும்பிடுவது போல முன்னால் நீட்டியபடி நின்றார்.

நைனா பதறி ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு சம்பந்தி இதெல்லாம்? எழுந்திருங்க. வசந்தா இனிமே ஒங்க வீட்டுப் பொண்ணு." பரபரப்பில், மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அடுத்தது மாடி சன்னல். பிறகு தெரு. பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். தான் கும்பிட்டதை அவமானம் என்று இனி அவரால் சொல்ல முடியாது. சொன்னால் அது அவமானம் ஆகிவிடும். கடைசியில் விரித்திருந்த பட்டை விரலால் தடவினார்.

"இன்னா பட்டுய்யா இது, இப்பிடி வழுக்குது?"

"நம்ம தறிதாங்க."

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு போடு."

கல்யாணம் நடந்தது. சக்கரங்கள் வேனுக்குத் திரும்பின. என் பெயர் மட்டும் திரும்பவில்லை. பிறகு எத்தனையோ வருடம் உத்தியோகம் பார்த்து, எத்தனையோ வேலைகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றேன். இன்றைக்கும் கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்பவர்களிடம் நான் "பார்த்தாச்சு" என்றால், வீட்டில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை: "பருத்தியில பார்த்தியா, பட்டுல பார்த்தியா?"

போன மாதம் வசந்தாவின் பேரன் புதுக் கார் வாங்கி வந்தான். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் பெரிது. "கம்பெனியே இப்படித்தான் குடுக்குது தாத்தா, இதான் இப்ப ஸ்டைலு" என்றான்.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சண்முகம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகப் பட்டு வேட்டியில் வெளியே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், பருத்தி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.