சிப்ரியானோவின் தொண்டை

‘இன்றைக்குத் தொண்டை சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டே பிறந்து, அதையே சொல்லிக்கொண்டே சாகும் ஓர் இனம் உண்டு. ஸ்பெயினில் எங்கள் ஹெரெஸ் ஊரில் அவர்களுக்கு ஃபிளமெங்கோ பாடகர்கள் என்று பெயர். கூப்பிட்டால் வருவார்கள், நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்வார்கள், கழுத்துத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள். பாடமாட்டார்கள். ஒருமுறை கெஞ்சினால் இருமல். மறுமுறை கெஞ்சினால் செத்துப்போன அப்பாவின் நினைவு. மூன்றாம் முறைதான் பாட்டு. ஜிப்சிகளாகிய நாங்களும் மூன்றாம் முறை கெஞ்சாமல் விட்டதில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

என் பெரியப்பா மகள் தொமாசாவின் புருஷன் சிப்ரியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லன் பட்டறையில் பிறந்த குரல். அவர் பாட்டனார் பாடினால் லாடம் அடிக்க வந்த கழுதையும் அழுமாம், அவரே சொன்னது. மத்ரித் மதுக்கடைகளில் பாடியது இருபது வருஷம், ஒரே ஒரு கேசட், டோக்கியோவில் இரண்டு மாதம். டோக்கியோவில் யாரும் கெஞ்சவில்லை, வந்ததும் கைதட்டிவிட்டார்கள். அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவேயில்லை.

அவருடைய கடைக்குட்டி மகள் லூஸுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் கல்யாணத்தில் மட்டுமே பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. பெண்ணைத் தோளில் தூக்கி, சர்க்கரை பூசிய பாதாம்பருப்பை வாரி இறைக்கையில் குடும்பத்து மூத்த குரல் பாட வேண்டும். அவள் பிறந்த நாள்முதல் சிப்ரியானோ அதற்காகக் காத்திருந்தார்.

ஆனாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா?

“மாமா, ஆரம்பிங்க” என்றான் கிடார்க்காரன்.

“எங்கடா, தொண்டை கட்டிக்கிச்சு.”

சம்பந்தியம்மாள் விசித்தாசியோன் பெந்தெகொஸ்தே சபைக்காரி. யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற பெண். பதறி எழுந்து வந்தாள்.

“யாரும் அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீங்க.”

“இல்ல சம்பந்தி, இன்னும் ரெண்டு தடவ கேட்டா...”

“பேசாதீங்கண்ணே, தொண்டைக்கு ஆகாது.”

கழுத்துத் துணியை அவிழ்த்தாள், தொண்டையில் கைவைத்தாள், கண்ணை மூடினாள். கால் மணி நேரம் ஜெபம். அவள் பக்கத்து எண்பது பேரும் ஆமென்.

தொமாசா புருஷன் காதருகே குனிந்தாள். “இப்பப் பாடினா பேரு ஜெபத்துக்கு. பாடலேன்னா என் தம்பி பாடுவான். எது வசதி?”

அவள் தம்பியின் குரல் எண்ணெய் காணாத கதவு.

லூஸைத் தூக்கியாயிற்று. தோள்மேலிருந்து அவள் அப்பாவையே பார்த்தாள். பாதாம் பறந்தது. சிப்ரியானோ எழுந்தார். பாசம் பாதி, ஆத்திரம் பாதியாக அவர் பாடிய பாட்டில் ஆண்களெல்லாம் எங்கள் வழக்கப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். லூஸ் அழுதாள்.

“பாத்தீங்களா,” என்றாள் விசித்தாசியோன், “கட்டியிருந்த தொண்டை.”

கூட்டம் ஆமென் என்றது. சிப்ரியானோவும் சொல்லவேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் கூப்பிட்டதுமே பாடிவிடுகிறார். லேசாக இருமினால் போதும், “சம்பந்தியம்மாவக் கூப்பிடவா மாமா?” என்கிறார்கள்.

நீங்கள் பாடகர் இல்லை, சிரிக்கிறீர்கள். சரி. நேற்று விருந்தில் ‘போதும் போதும்’ என்று தட்டைக் கையால் மறைத்தீர்களே, விரல்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருந்தீர்கள்? பரிமாற வருகிறவள் விசித்தாசியோனாக இருந்துவிடப் போகிறாள். பார்த்துக்கொள்ளுங்கள்.