காயலில் நாங்கள் இருமிய கதை

வழியே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் வராது. நாலு பேரிடம் கேட்டு, நாலு கடையில் டீ குடித்து, எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவான். அரைகுறையாக வழி தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் ஊரைக் கூட்டிக்கொண்டு போய் முட்டுச்சந்தில் நிறுத்துவான். இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அந்த அரைகுறை நானேதான்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எனக்குச் 'சரித்திரம்' என்று ஒரு பட்டம் உண்டு (நானே வைத்துக்கொண்டு நானே பரப்பியது). சுற்றுலா என்று பேச்சு வந்ததும், "கைடெல்லாம் எதுக்கு சார்? நான் இருக்கேன்லா?" என்று எழுந்து நின்றேன். எங்கள் ஞானதுரை சார் தங்கமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அன்றும் நம்பினார்.

காலையில் கயத்தாறு, அடுத்து கொற்கை, மத்தியானம் காயல்பட்டினம், சாயங்காலம் திருச்செந்தூர் கடலில் ஒரு குளியல். இதுதான் திட்டம். வண்டிதான் கொஞ்சம் இடித்தது. கூடப் படித்த ஒருவனின் மாமா உப்பளம் வைத்திருந்தார். அவருடைய உப்பு லாரிதான் கிடைத்தது. கழுவி, பலகை போட்டுத்தான் அனுப்பினார். ஆனாலும் எத்தனை முறை கழுவினாலும் உப்பு லாரி உப்பு லாரிதான். உட்கார்ந்து எழுந்தால் பதினெட்டுப் பேருக்கும் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

இந்தத் திட்டத்தில் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்தது காயல்பட்டினத்தை. காரணம் சரித்திரம் இல்லை, சாப்பாடு. எங்கள் வகுப்பு மீரானின் ஊர் அது. கொழும்பில் கடை வைத்திருந்த அவனுடைய வாப்பா ஊருக்கு வந்திருந்தார். வகுப்புக்கே விருந்து என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அந்த விருந்துக்குள் ஒரு பரீட்சை ஒளிந்திருந்தது. முந்தின நாளே ஊருக்குக் கிளம்பிய மீரான், என் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னான்.

"ஏலே, வாப்பா என் படிப்ப நிறுத்திட்டுக் கொழும்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போவணும்னு நிக்காங்க. காலேஜுக்குப் போனா புள்ளைங்க மரியாதை கெட்டுப் போவும்னு எவனோ ஓதி விட்டிருக்கான். உங்களையெல்லாம் ஒரு தடவ பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்களாம். எம் படிப்பே இப்ப ஒங்க கையிலதான் இருக்கு. பெரிய தெரு முனையில நான் நிப்பேன். லாரிய அங்கன கொண்டாந்து நிறுத்து. வேற எங்கயும் போயிராத."

"காயல் எனக்கென்ன புதுசாலே?" என்றேன். அது பொய்யில்லை. எங்களுக்கு ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. எனக்கு ஐந்தாறு வயதாக இருக்கும்போது அம்மா வாரம் தவறாமல் காயல் வீடுகளுக்கு வெற்றிலை கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். அந்த வழியெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

சுற்றுலா கயத்தாற்றில் அமர்க்களமாகத் தொடங்கியது. லாரியிலிருந்து குதித்ததும் சாலையோரத்தில் நின்ற ஒரு புளியமரத்தைக் காட்டி, "இதோ! கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மரம்!" என்று ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பேசினேன். ஒருவன் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நல்லாப் பேசுதிய. ஆனா இது எங்க அப்பா வச்ச மரம்லா?" என்றார்.

அதோடு என் மானம் கயத்தாற்றிலேயே தூக்கில் தொங்கியது. கொற்கையில் இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரே சொல்லும் வன்னி மரத்தைக் காட்டினேன். ஒரு பயலும் நம்பவில்லை. "இது யாரு அப்பா வச்சது?" என்று கேட்டார்கள். சார் தன் டைரியில் ஏதோ எழுதிக்கொண்டார்.

காயலை நெருங்கும்போது மணி ஒன்றரை. விருந்தை நம்பி ஒருவனும் காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. போன மானத்தை மீட்க இதைவிட்டால் வேறு சமயம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அம்மாவும் நானும் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம் கண்ணில் பட்டதும் லாரியின் தலையில் ஓங்கித் தட்டினேன்.

"இங்கன நிறுத்துங்க அண்ணாச்சி!"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "பெரிய தெருவுக்கு எப்படிப் போவணும்னு அந்தக் கடையில ஒரு வார்த்த கேட்டுக்கிடுவமா, தம்பி?"

"கேக்கவே வேண்டாம். லாரி ஊரச் சுத்தி வாரதுக்குள்ள குறுக்கால கூட்டிட்டுப் போயிருவேன். சார், வாங்க!"

நான் முன்னால் நடந்தேன். பதினேழு பேர் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். கடைசியில் சார் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு முடுக்கு. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் போகவேண்டும். அப்படியே இருந்தது! அதே சுவர், அதே நிழல், அதே பின்வாசல் கதவுகள். "பாத்தியளா? ஒரு அடி மாறல!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் முன்னால் ஒரு அலறல் கேட்டது. பெரிய சட்டி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பெண்கள், அதை நட்டநடு முடுக்கில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கதவுக்குள் பாய்ந்துவிட்டார்கள். "ஏளா, ஆம்பளையாளு! முடுக்குக்குள்ள ஆம்பளையாளு வருது!" என்ற சத்தம் வீட்டுக்கு வீடு தாவிக்கொண்டு போனது. வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. எனக்கு முன்னால் ஆவி பறக்கும் நெய்ச்சோற்றுச் சட்டி. பின்னால் பசித்த பதினேழு பேர்.

விஷயம் இதுதான். காயலில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் அந்த முடுக்குகள் பெண்கள் போய்வருவதற்கென்றே இருப்பவை. ஆண்பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. நான் மட்டும் அம்மாவின் சேலைத் தலைப்போடு போய்வந்ததால், காயலுக்கு வழியே அதுதான் என்று இருபது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஊரின் ஆண்கள் தெருவை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கனத்த குரல் ஒன்று வந்தது. "யாரு அது?"

பயத்தில் காலேஜ் பெயர் மறந்துவிட்டது. "நான்... ஆத்தூரு... வெத்தில செல்லம்மா மவன்," என்றேன்.

"செல்லம்மா மவனா? மூக்கொழுக, சீலையப் பிடிச்சுக்கிட்டு வருவானே, அவனா?"

பின்னால் பதினேழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "ஆமா," என்றேன்.

"வளந்து கழுதையான பொறவும் அதே வழியாத்தான் வாரான், பாருளா!" என்றது அந்தக் குரல். முடுக்கின் இருபுறமும் கதவுகளுக்குப் பின்னால் சிரிப்புக் கிளம்பியது. பிறகு உத்தரவு வந்தது. "எல்லாரும் தலையக் குனிஞ்சு, தரையப் பாத்து, வந்த வழியே திரும்பிப் போங்கோ. போறப்ப சத்தமா இருமிக்கிட்டே போங்கோ. அப்பத்தான் எதிர்ல வார பொம்பளையளுக்குத் தெரியும். அந்தச் சட்டிய அங்கன விட்டுட்டுப் போயிராதியோ. தெருப்பக்கமா எங்க வீட்டுல மீரான்கிட்ட கொண்டு சேருங்கோ. ஒங்களுக்கு ஆக்குனதுதான்."

அது மீரானின் உம்மா என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பினோம். அதுவரை கடைசியில் வந்த சார் இப்போது தலைவராகிவிட்டார். அவர் குடையை மடக்கிக்கொண்டு முதல் இருமலை இருமினார். பதினேழு பேர் அவரைத் தொடர்ந்து இருமினார்கள். கடைசியில் நான் மூடிபோட்ட சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி இருமினேன். நாங்கள் முதுகைக் காட்டியதும் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏளா, எல்லாப் பயலுக்கும் பின்னால வெள்ளையடிச்சிருக்கு!" என்று ஒரு குட்டிக் குரல் கூவியது. அதன்பிறகு முடுக்கு முடியும்வரை சிரிப்புச் சத்தம் ஓயவில்லை.

முடுக்கு வாயில் மீரான் நின்றுகொண்டிருந்தான். சேதி எங்களை முந்திக்கொண்டு போயிருந்தது. அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, தொப்பியோடு அவன் வாப்பா. சுற்றிலும் ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். இருமுவதை நிறுத்தலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் முன்னாலும் நின்று இருமினோம். எதிர்க்கடைக்காரர் கக்குவான் இருமல் என்று பயந்து ஓடிவந்து ஆளுக்கொரு பனங்கற்கண்டு கொடுத்தார். சாரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மீரான் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்கமுடியாது. அழுகிற முகம் அது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்கியிருக்கலாம் என்று இருந்தது.

வாப்பா எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். என் போதாத காலம், வாப்பா, சார், மீரான் மூவரோடு ஒரே தட்டில் எனக்கு இடம். நெய்ச்சோறும் கறியும் மணந்தன. எனக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. மீரான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதிச் சாப்பாட்டில் வாப்பா நிமிர்ந்தார். "சார், இவன அடுத்த மாசம் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போவணும்னுதான் இருந்தேன். இன்னைக்கு ஒங்க ஆளுகளப் பாத்த பொறவு மனசு மாறிப்போச்சு."

சார் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தக் கூட்டத்துலயே வழி தெரிஞ்சவன் எம் மவன் ஒருத்தன்தான் இருக்கான். இவனையும் நான் கூட்டிட்டுப் போயிட்டா, இந்தப் புள்ளையள யாரு கரை சேக்கறது? இவன் இங்கேயே இருந்து படிக்கட்டும்." சொல்லிவிட்டு ஒரு கறித்துண்டை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். "சாப்பிடும் தம்பி. சட்டி தூக்குன கை."

மீரான் படித்தான். எங்களையெல்லாம் கரை சேர்த்தான். வாத்தியாராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றான். அந்தப் பாராட்டு விழாவுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். மேடையில் அவன், "நான் படிச்சதுக்கு ஒரே காரணம், அதோ முன்வரிசையில உக்காந்திருக்கானே, அவன்தான்," என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் என்ன காரணம் என்பதையும் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினான். முடித்து உட்கார்ந்ததும் பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் இருமினார். பிறகு மண்டபமே இருமியது.

அங்கே என் மனைவி அதைக் கற்றுக்கொண்டாள். இப்போது காரில் ஏறி உட்கார்ந்து, "எனக்குத் தெரிஞ்ச வழிதான்" என்று நான் வாயெடுத்தால் போதும். முன்சீட்டில் அவள் இரும, பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் இரும, மருமகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வழி கேட்க இறங்கிவிடுகிறார்.