சென்சார் அண்ணனின் இரண்டு தமிழ்

மனிதர்களிடம் மெட்ராஸ் பாஷையும் மின்விசிறியிடம் மேடைத் தமிழும் பேசிய ஆள், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். திருநின்றவூரில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் ஓனர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சென்சார்'. புதிதாகக் குடிவந்தவர்கள், சினிமாவுக்கு சர்டிபிகேட் கொடுக்கும் இடத்தில் பெரிய பதவியில் இருந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் எதிரில் கெட்ட வார்த்தை பேசப் பயப்படுவார்கள். மனிதர் கம்பெனி பஸ் ஓட்டி ரிட்டையரானவர். கெட்ட வார்த்தைத் துறையில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது.

ரிட்டையரான கையோடு அவருக்குப் பித்துப் பிடித்தது. ஊரில் மற்றவர்களுக்குக் கோயில் குளம் என்று பிடிக்கும், இவருக்கு வைஃபை. விளக்கு, மின்விசிறி, கேட், தண்ணீர்த் தொட்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு சென்சார் மாட்டினார். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு ஸ்பீக்கர். வாயால் சொன்னால் வேலை செய்யும். பெண் குரலில் பதிலும் சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் டப்பா.

நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று அவர் சைவமா அசைவமா என்றுகூடக் கேட்கவில்லை.

"உனக்கு இன்னா ஊரும்மா?"

"தஞ்சாவூர் பக்கம் அண்ணா."

"அப்போ தமிழ் சுத்தமா வரும். எங்க, 'மின்விசிறியை இயக்கு'ன்னு சொல்லு பாப்போம்."

தயங்கித் தயங்கிச் சொன்னேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஊடு உனக்குத்தான்!" என்றார். என் கணவர் கையிலிருந்த ஆதார் நகலை நீட்டினார். ஓனர் அதை வாங்கிப் படிக்காமல் விசிறிக்கொண்டார்.

அவர் சந்தோஷத்துக்குக் காரணம் போகப்போகத்தான் புரிந்தது. அவர் பேசும் தமிழ் டப்பாவுக்குப் புரியாது. "ஏ, அந்த ஜன்னலாண்ட கீற லைட்ட அமுத்து" என்பார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று அது பணிவாகச் சொல்லும். அதனால் அவர் தனியாக ஒரு தமிழ் கற்றுக்கொண்டார். தெருவில் கீரைக்காரம்மாவிடம், "இன்னாமே, கட்டு இத்தினூண்டு கீது?" என்று சண்டை போடுவார். உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தொண்டையைச் செருமுவார். "தயவுசெய்து மின்விசிறியின் வேகத்தைச் சற்றே அதிகரிக்கவும்!" மாடியில் கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு, கீழே யாரோ பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்று தோன்றும்.

ஆனால் பழக்கம் விடுமா? அதிலும் ஒரு சொல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. "தொட்டில தண்ணி கீதா?" என்று வாய்தவறிக் கேட்டுவிடுவார். உடனே டப்பா, "கீதாவை அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனிலிருந்து கால் போட்டுவிடும். கீதா அவர் மனைவி கஸ்தூரி அக்காவின் தங்கை. அடுத்த ஸ்டேஷன் வேப்பம்பட்டில் இருந்தாள். டீ கீதா, கரண்ட் கீதா, குடை கீதா என்று இவர் எதைத் தேடினாலும் அங்கே மணியடித்தது. "அத்தான், உங்க வீட்டுல தண்ணி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் ஸ்பீக்கரில் கத்துவதைத் தெருவே கேட்டிருக்கிறது.

கேட்டில் ஒரு கேமரா. தெரிந்த ஆளாக இருந்தால் கேட் தானாகத் திறக்கும் என்று பெருமையாகச் சொன்னார். அது தெரிந்த ஆளாக ஏற்றுக்கொண்ட முதல் ஜீவன் பால்காரர் மாடு. தினமும் காலையில் கேட் மரியாதையாக விலகும். மாடு உள்ளே வந்து அக்காவின் செம்பருத்தியை மேய்ந்துவிட்டுப் போகும். "பாத்தியாமா, முகத்த இன்னா கரீட்டா கண்டுபுட்சிது!" என்று எனக்கு வீடியோ போட்டுக் காட்டினார். என் முகத்துக்கு அது கடைசிவரை திறக்கவில்லை; கேட்டைத் திறக்க என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்.

கஸ்தூரி அக்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவர் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஆவடி ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த அக்காவின் பேச்சு அச்சடித்த மாதிரி இருக்கும். டப்பாவுக்கு அவர் குரல் என்றால் உயிர். ஆனால் அக்கா அதனுடன் பேசமாட்டார். எழுந்துபோய் சுவிட்சைத்தான் போடுவார். அவர் மனத்தில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் துணி காயப்போடும்போது என்னிடம் கொட்டிவிட்டார்.

"நீயே சொல்லுமா. அவகிட்ட மட்டும் தயவுசெய்து, தயவுசெய்துன்னு குழையுறார். என்கிட்ட? 'ஏய், சோத்தப் போடு.' இத்தனை வருஷத்துல ஒரு தயவு? ஒரு செய்து?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீதா சாப்பிட வந்தாள். எங்களையும் கீழே கூப்பிட்டிருந்தார்கள். இலை போடும் நேரத்தில் அவள் பாத்ரூமுக்குப் போனாள். அங்கேயும் ஒரு சென்சார் உண்டு. உள்ளே ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். அசையாமல் கொஞ்சநேரம் இருந்தால் அணைந்துவிடும். எங்களுக்கு அது தெரியும். விருந்தாளிக்குத் தெரியாது. "ஐயோ, லைட்டு போயிருச்சு!" என்று உள்ளேயிருந்து அலறல்.

சென்சார் அண்ணன் பாய்ந்து ஓடிக் கதவுக்கு வெளியே நின்றார். "பயப்படாத! கைய ஆட்டு! ரெண்டு கையயும் தூக்கி ஆட்டு கீதா!"

 உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு குரல். "அத்தான்! உள்ள கேமரா வெச்சிருக்கீங்களா?"

அதே நேரம் ஹாலில் டப்பா, "கீதாவை அழைக்கிறேன்" என்றது. சோபாமேல் கிடந்த அவள் போன் பக்திப் பாட்டோடு அலறத் தொடங்கியது. கேமரா இல்லை, அது வெறும் சென்சார் என்று அவர் விளக்க விளக்க, உள்ளேயிருந்து அழுகைதான் கூடியது. வெளியே வந்த கீதா யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். கஸ்தூரி அக்கா அடுப்பை அணைத்தார், ஒரு பையில் நாலு புடவையைத் திணித்தார்.

"நீங்க அவகூடவே இருங்க. அவளையே சோறு போடச் சொல்லுங்க" என்று டப்பாவைக் காட்டிச் சொல்லிவிட்டுத் தங்கையோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். வடையும் பாயசமும் இலையில் அப்படியே இருந்தன. அண்ணன் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் சத்தம் போடாமல் மாடியேறினோம்.

இரண்டு நாள் அவர் வீறாப்பாகத்தான் இருந்தார். பிறகுதான் வேப்பம்பட்டிலிருந்து ஆட்சி ஆரம்பித்தது. அக்காவின் போனிலும் எல்லா சென்சாரையும் இயக்கும் ஆப்பை எப்போதோ அவரே ஏற்றிவைத்திருந்தார். இத்தனை நாள் தொடாத அதை, கோபம் வந்ததும் அக்கா தங்கையோடு உட்கார்ந்து தோண்டி எடுத்துவிட்டார். அங்கே அவர் டைப் அடிப்பதை இங்கே டப்பா வாசித்தது.

"மோரை ஃபிரிட்ஜில் வையுங்கள். புளித்துவிடும்."

"ஏய், யார்றது?" என்று அண்ணன் துள்ளிக் குதித்தது மாடிக்குக் கேட்டது.

"நேற்று ஈரத்துண்டை வாசல் நாற்காலியில் போட்டீர்கள். கேட் கேமராவில் பார்த்தேன்."

கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் டிவி அணைந்தது. பகலில் தூங்கினால் ஃபேன் நின்றது. அண்ணன் டப்பா முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார். அது அக்காவின் வார்த்தைகளை அதே பணிவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் முடிந்தது விஷயம். அவர் பிடுங்கவில்லை. ஒருநாள் அது எதுவும் பேசாமல் கிடந்தபோது, மாடிக்கு வந்து, "நெட்டு போய்ட்சா பாரும்மா" என்று என்னைக் கேட்டார். நெட் நன்றாகத்தான் இருந்தது. சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

மறுநாள் மாலை, இஸ்திரி போட்ட சட்டையோடு கேட் கேமரா முன்னால் போய் நின்றார். நான் மாடிப்படியில் நின்றுவிட்டேன். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அன்பிற்குரிய கஸ்தூரி அவர்களே. தயவுசெய்து தாங்கள் இல்லத்திற்குத் திரும்பி வருமாறு..."

கேட்டின் சின்ன ஸ்பீக்கரில் அக்காவின் நிஜக்குரல் வந்தது. "நான் என்ன டப்பாவா? என்கிட்ட ஒழுங்கா நீங்க பேசுற மாதிரி பேசுங்க."

அவர் சட்டையின் மேல்பட்டனைக் கழற்றினார்.  "நீ இல்லாத ஊட்ல எனக்கு இன்னா வேலமே? சோறு எறங்கல. தப்புதான். அந்தப் பாத்ரூம் சென்சார கயட்டிட்டேன். வந்துரு கஸ்தூரி. இன்னும் கோவமா கீதா?"

ஜன்னல் வழியாக ஹாலிலிருந்து டப்பா சொன்னது: "கீதாவை அழைக்கிறேன்."

கேட் ஸ்பீக்கரில், வேப்பம்பட்டில் ஒரு போன் பக்திப் பாட்டோடு அலறுவது கேட்டது. அதற்குப் பின்னால் கஸ்தூரி அக்கா சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல், மூச்சு வாங்கச் சிரித்தார். கீதாவும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த மின்சார ரயிலில் அக்கா வந்து இறங்கினார். அண்ணன் ஸ்டேஷனுக்கே போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

பாத்ரூமுக்குப் பழைய சுவிட்ச் வந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஒரே மாற்றம், அக்காவும் டப்பாவோடு பேசத் தொடங்கினார். அவர் சொன்னால் ஒரே தடவையில் கேட்டது. அண்ணன் அதைப் பார்த்து, அக்காவை "நம்ம ஆளு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் ஆபீஸ் அம்பத்தூருக்கு மாறியதும் நாங்கள் காலி செய்தோம். சாவியைக் கொடுக்கும்போது போனையும் நீட்டினேன். "அண்ணா, கேட்டைத் திறக்கிற ஆப்பை இதுலேர்ந்து எடுத்துடுங்க. புதுசா குடி வர்றவங்க இருப்பாங்க."

அவர் போனை வாங்கவே இல்லை. "எதுக்கு? இர்ந்துட்டுப் போவட்டும். எப்பனா இந்தப் பக்கம் வந்தா, நீ இன்னாத்துக்கு வெளிய நின்னு கூவிகினு?"

அப்புறம் நான் போன் மாற்றினேன். புதுப் போனில் முதலில் ஏற்றியது அவர் வீட்டுக் கேட்டைத்தான்.