காற்றை அளந்த மீட்டர் அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் வீட்டு புரோக்கர்கள் பயப்படுவது இரண்டே விஷயங்களுக்குத்தான். ஒன்று வில்லங்கச் சான்றிதழ். இன்னொன்று மீட்டர் அண்ணாச்சி. வில்லங்கத்தையாவது வக்கீலை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். அண்ணாச்சிக்கு எந்தக் கோர்ட்டிலும் ஸ்டே கிடைக்காது.

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வீடு வாங்கப் போகிற எல்லோரும் வாசல் எந்தத் திசை, போரில் தண்ணீர் உண்டா என்று விசாரிப்பார்கள். வீட்டுக்குள் மூச்சு விட முடியுமா என்று விசாரித்தவர் அவர் ஒருவர்தான். காரணம், சொந்த அனுபவம்.

"நான் வீடு பாக்கப் போனது ஞாயித்துக்கெழமை வே. அமைதின்னா அப்படியொரு அமைதி. அன்னைக்கே பேசி முடிச்சிட்டேன். குடிவந்த மறுநாத்தான் தெரிஞ்சுது, பக்கத்துச் செவுருக்கு அந்தப்பக்கம் பன்னெண்டு தறி ஓடுதுன்னு. சோத்துத் தட்டுல பஞ்சு வந்து விழுது!"

அந்த எரிச்சலில்தான் ஆன்லைனில் ஒரு மீட்டர் வரவழைத்தார். சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக இருக்கும். தூசி, ஈரம், பெயிண்ட் நெடி, நாம் விடும் மூச்சு எல்லாம் அதில் எண்ணாக ஓடும். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட ஆரம்பித்தால் மஞ்சள், கெட்டிருந்தால் சிவப்பு. யார் வீடு பார்க்கப் போனாலும் சட்டைப் பையில் அதோடு அண்ணாச்சியும் கிளம்பிவிடுவார். கூலி கிடையாது. ஒரு டீ போதும், அதையும் வெளியே நின்றுதான் குடிப்பார். ஆவி பட்டால் கணக்கு தப்பிவிடுமாம்.

சோதனை முறை கடுமையானது. எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டும். அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. புளியங்குடியில் ஒரு புரோக்கர் பொறுக்க மாட்டாமல், "அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டார்.

"பேசாதீயும் வே! உம்ம மூச்சுலயே மீட்டரு மஞ்சளாயிட்டு!"

அடுத்தது அடுப்படி. நான்கு மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டு வறுக்கச் சொல்வார். புகை எத்தனை நிமிடத்தில் வெளியேறுகிறது என்று பார்க்கவாம். அந்தப் புளியங்குடி வீட்டில் புகை வெளியேறவில்லை. வீட்டுக்காரர் குடும்பம் முழுவதும் இருமிக்கொண்டே தெருவுக்கு வெளியேறியது. அண்ணாச்சி மட்டும் கண்ணீர் வழிய உள்ளே நின்று எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார்.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கிரகப்பிரவேசம். ஹோமகுண்டத்தின் ஓரமாக மீட்டரை நீட்டிவிட்டு, "சாமி, செவப்புக்குப் போயிட்டு. கொஞ்சம் நெய்யைக் கொறைங்க" என்றார். மந்திரம் பாதியில் நின்றது. அதன்பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பவர்கள், "சாப்பாட்டுக்கு வந்தாப் போதும் அண்ணாச்சி" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்படிப்பட்டவரை நானே தேடிப்போக வேண்டி வந்தது. என் மனைவி ராஜத்துக்கு வீசிங். மழை பெய்தால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். புது பெயிண்ட், பெரிய ஜன்னல்கள். ராஜம் பிரிட்ஜ் எங்கே, தையல் மெஷின் எங்கே என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

அண்ணாச்சி உள்ளே நுழைந்ததும் நின்றார். அறைக்கு அறை ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"எதுக்கு இவ்வளவு பத்தி?"

"வெள்ளிக்கெழமைல்லா" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னைக்கு வியாழன் வே."

பத்திகளை அணைத்து, வீட்டைத் திறந்துபோட்டுக் காற்றாடவிட்டு, மறுபடி சாத்தி அளந்தார். எல்லா அறையும் பச்சை. படுக்கையறையில் மட்டும் ஈரம் எகிறியது. அங்கே சுவரை ஒட்டிப் புது மர அலமாரி ஒன்று இருந்தது. அதை நகர்த்தச் சொன்னார். வீட்டுக்காரர் மறுத்தார். அண்ணாச்சி தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். பின்னால் சுவர் முழுவதும் கரும்பூஞ்சை. மாடித் தொட்டிக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது.

ராஜம் வாசல்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். அண்ணாச்சிக்கு அழுகிறவர்களைப் பார்த்துப் பழக்கமில்லை. மீட்டரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அழாதம்மா. வீடு நல்ல வீடுதான். கொழாதான் கெட்ட கொழா. அதை மாத்திட்டு செவுர ஒடச்சுப் பூசட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

வீட்டுக்காரரும் வேறு வழியின்றிச் சம்மதித்தார். குழாயை மாற்றி, பூச்சை உடைத்து, மறுபடி பூசி, சுவர் காய மூன்று மாதம் ஆயிற்று. வாராவாரம் அண்ணாச்சி போய் அளந்துவிட்டு வந்து, நோயாளியின் காய்ச்சலைச் சொல்வதுபோல, "இன்னைக்குக் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்பார். மூன்றாம் மாதக் கடைசியில் சைக்கிளை நிறுத்தாமலே தெருவிலிருந்து கத்தினார்: "பச்சை வே! பச்சை!"

அந்த வாரமே பத்திரம் பதிந்து குடியேறினோம். ஐப்பசியில் முதல் மழை கொட்டிய மறுநாள் காலையில் போன் வந்தது.

"ராஜம் நல்லா ஒறங்குனாளா?"

"ஒறங்குனா அண்ணாச்சி. இன்னும் எந்திரிக்கல."

"அப்போ எழுப்பாதீயும்" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு முதல் மழைக்கும் அந்த போன் வரும். இந்த வருடம் மழை பெய்து இரண்டு நாளாகியும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ராஜம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்: "வாங்க, அண்ணாச்சி நல்லா மூச்சு விடுதாகளான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."