கடலுக்குப் போன பெட்ரோல் டேங்க்

ஒரு பழைய வண்டியை ஓட்டுவதைவிட, அதை முழுசாகக் கழற்றிப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் எனக்குச் சுகம் அதிகம். இதை இதுவரை என் மனைவி செல்வியிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. (அவளுக்குத் தெரியும். கழற்றிய சாமான்களை வீட்டில் தாண்டித் தாண்டி நடப்பவள் அவள்தானே.)

வாய்விட்டுச் சொல்வது என்பதே எனக்குக் கஷ்டமான காரியம். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "இறக்கம்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்த் திரும்பி நடந்து வந்தவன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. கருக்களாச்சேரி என்ற மீனவர் ஊரில் பிறந்தும், படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துப் பெட்டியில் போடும் வேலை. ஐஸ் கட்டியோடு பேச வேண்டியதில்லை.

வண்டி எனக்குத் திருமலைராயன்பட்டினத்தில் கிடைத்தது. ஒரு பாய் வீட்டுக்கு மீனுக்கு ஐஸ் கொண்டுபோனபோது, கொல்லையில் கோழிகள் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் அது நூறு சிசி ஜப்பான் வண்டி. பாயின் மகன் வளைகுடாவுக்குப் போன நாளிலிருந்து அப்படியே நிற்கிறதாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட பாய், "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. கோழிங்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தமா இருக்கும்" என்றார்.

தள்ளிக்கொண்டு வந்து, எச்சத்தைக் கழுவி, இஞ்சினைப் பிரித்தேன். உள்ளே ஒரு போல்ட்டின் தலையில் சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு. பெயின்ட். அதை இறுக்கிய ஜப்பான்காரர் யாரோ, "இதை நான் சரியாக இறுக்கிவிட்டேன்" என்பதற்கு அடையாளமாக வைத்த பொட்டு. அவர் ஆணா, பெண்ணா, அன்று காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தார், இந்தப் போல்ட் கோழிக் கொட்டகைக்குப் போகும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா? அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. செல்வி சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

அப்படியே மாதங்கள் ஓடின. கார்பரேட்டர் இட்லிக் குண்டானில் ஊறியது. பிஸ்டன் சாமி மாடத்தில் இருந்தது. (பத்திரமான இடம் என்று நினைத்தேன். அவள் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டியிருக்கிறாள்.) ஒருநாள் சாம்பாரில் ஒரு சின்ன ஸ்பிரிங் வந்தது. செல்வி அதைக் கரண்டியால் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"இந்தாங்க. மாசி மகத்துக்கு ஊர்லேருந்து சனம் வருது. அதுக்குள்ள இந்தத் தகரம் சத்தம் போட்டு ஓடணும். ஓடலைன்னா மறுநாள் காயலாங்கடைக்காரர் வருவாரு. நான் சொல்லி வச்சிட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். இஞ்சினை ஒருவழியாகப் பூட்டிவிட்டேன். மிச்சம் இருந்தது டேங்க். உப்புக் காற்றும் கோழிகளும் சேர்ந்து உள்ளே துருவை அடை அடையாக வளர்த்திருந்தன. அந்த மாடலுக்கு வேறு டேங்க் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இந்த டேங்க் போனால் வண்டி போச்சு.

என் குருநாதர் போனில் வரும் ஒரு ஜப்பான்காரர். பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டி வீடியோ போடுகிறவர். அவர் பேசுவது ஒரு சொல்லும் எனக்குப் புரியாது, கையை மட்டும் பார்ப்பேன். அவர் டேங்குக்குள் பழுப்பாக எதையோ ஊற்றினார். பொடிக்கல்லைப் போட்டார். மூடி, சுழலும் யந்திரம் ஒன்றில் கட்டிக் குலுக்கினார். கவிழ்த்தபோது உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது.

பழுப்புத் தண்ணீர் என்றால் எனக்குத் தெரிந்தது புளித்தண்ணீர். பித்தளைக் குடத்தையே பொன்னாக்குகிற புளி, தகரத் துருவை விடுமா? இரண்டு கிலோ புளியைக் கெட்டியாகக் கரைத்து, வீட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். டேங்க் மூடியில் காற்று போக ஒரு பொடி ஓட்டை உண்டு. அதன் வழியாகப் புளித்தண்ணீர் ஒழுகித் தரை கறையாகிவிடுமே என்று எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். பெட்ரோல் இறங்கும் ஓட்டையையும் அடைத்துவிட்டு, புளித்தண்ணீரை உள்ளே ஊற்றினேன். என் வேலை எப்போதும் கச்சிதமாக இருக்கும்.

குலுக்கும் யந்திரத்துக்கு எங்கே போவது? யோசித்தபடி கடற்கரைக்கு வந்தால், எதிரே அலையில் பைபர் போட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஜப்பான்காரருக்குக்கூடத் தோன்றாத யோசனை என்று எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடிகாலை, செல்வியின் தம்பி முருகையனின் போட்டுக்கு டேங்கைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன மச்சான், சாமி செலையா?"

"டேங்கு மாப்ள. சும்மா முன்னால அணியத்துல கட்டிப் போடு. கடல்ல ஆடட்டும்."

"தொட்டிலு ஆட்டணும்னா சொல்லுங்க, பாட்டும் பாடுறேன்" என்றான். ஆனாலும் வாங்கிக்கொண்டான். அக்காள் வைத்த கெடு அவனுக்கும் தெரியும்.

கடைசி நேரத்தில்தான் பொடிக்கல் ஞாபகம் வந்தது. எங்கள் கரையில் மணல்தான், கல் ஏது? ஆனால் கிளிஞ்சல் கொட்டிக் கிடக்கிறது. ஓரம் கூர்மை, தகரத்தை நசுக்கவும் செய்யாது. இரண்டு கை அள்ளி உள்ளே போட்டேன். மூடியை இறுக்கி, மேலே டேப்பும் சுற்றினேன். போட் கிளம்பியது. கை காட்டினேன். (டேங்குக்குத்தான்.)

மத்தியானம் போட் திரும்பியது. டேங்க் திரும்பவில்லை. முருகையன் வேகமாக இறங்கி வந்தான்.

"மச்சான், உள்ள என்ன வச்சீங்க? மொதல்ல 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். பாம்பு வந்துருச்சின்னு நெனச்சோம். சாக்கப் பிரிச்சா, டேங்கு நெறமாசமா இருக்கு!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? பெட்ரோல் டேங்கு. பக்கத்துல இஞ்சின் ஓடுது. கூட வந்த ரெண்டு பேரும் குதிக்கிறதுக்குக் கால வெளில போட்டுட்டானுவ. நான்தான் டேங்கத் தூக்கிக் கடல்ல கடாசினேன்."

"முழுகிடுச்சா?"

"எங்க முழுகுது? வாத்து மாதிரி மெதந்து தெக்கால போவுது."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மாசி மகத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

சாயங்காலம் முருகையனே போனை நீட்டினான். திருமலைராயன்பட்டினம் கரையில் மர்மப் பொருள் ஒதுங்கியிருக்கிறது, யாரும் கிட்டே போக வேண்டாம் என்று செய்தி. கூடவே படம். டேப் சுற்றி, பாதிச் சாக்கு தொங்க, வயிறு வீங்கிப்போய் என் டேங்க்!

அவன் வண்டியிலேயே போனோம். கரையில் திருவிழாக் கூட்டம். ஒருவன் சுண்டல்கூட விற்றுக்கொண்டிருந்தான். நடுவில் பெரிய வட்டமாகக் கயிறு கட்டி, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்குள் என் டேங்க் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் ஒரே சமயத்தில் பார்த்தால் எனக்கும் முகம் அப்படித்தான் வீங்கும்.

"போய்ச் சொல்லுங்க மச்சான்" என்று முருகையன் முதுகில் தள்ளினான்.

"நீ சொல்லு மாப்ள."

"கடல்ல போட்டவன் நான். நான் போயிச் சொன்னா என்னைய ஸ்டேஷன்ல உக்கார வச்சிருவாங்க."

கடைசி வரிசையில் நின்று, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "ஐயா, வணக்கம்" வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குமேல் வரவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேர் பேசுவது கேட்டது.

"பாண்டிச்சேரிலேருந்து குண்டு எடுக்கிற ஆளு வருதாம்யா. தூரக்க நின்னு வெடிக்க வச்சிருவாங்களாம்."

"தூளாயிருமா?"

"தூளுகூட மிஞ்சாது."

"அது என் டேங்க்!"

அந்தக் குரல் யாருடையது என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் கடல்தான் இருந்தது. கூட்டம் பிளந்து வழிவிட்டது. எதிர்முனையில் சப்-இன்ஸ்பெக்டர்.

"யாருய்யா நீ? பேரென்ன?"

பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. "செல்வி வீட்டுக்காரருங்க" என்றேன்.

"உள்ள என்ன இருக்கு?"

"புளித்தண்ணிங்க."

"வேற?"

"கிளிஞ்சலுங்க. ரெண்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சி விட்டிருக்கேங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதாங்க. உப்பு போடலிங்க."

"கடல்ல கெடந்துச்சுல்ல, உப்பு சேந்திருக்கும்!" என்று கூட்டத்தில் ஒரு அம்மா சத்தம் போட, கரையே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சப்-இன்ஸ்பெக்டர்.

"நீதான வச்சே, நீயே போய்த் தொற" என்றார். போலீஸ்காரர்கள் கூட்டத்தைப் பின்னால் தள்ளினார்கள். முருகையன் சுண்டல்காரனுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மண்டியிட்டு டேப்பைப் பிரித்தேன். மூடியைத் திருகினேன். கால் திருகு, அரைத் திருகு. புஸ்ஸ்ஸ்! மூடி கையைவிட்டுப் பறந்தது. பழுப்பு நுரை பொங்கி என் முகம், சட்டை, வேட்டி எல்லாவற்றையும் நனைத்தது. கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. பிறகு, நான் அப்படியே மண்டியிட்டு இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்த அம்மா கிட்டே வந்து மோந்து பார்த்து, "புளிதான் சார். நல்ல பழைய புளி" என்று சாட்சி சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் போன் வெளிச்சத்தை டேங்குக்குள் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அத்தனைக்கும் பிறகு, அது எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

"ஏய்யா, எதுக்கு இதெல்லாம் பண்ணினே?"

"துரு போறதுக்குங்க."

"துரு அப்படியேதான்யா இருக்கு!"

எழுதி வாங்கிக்கொண்டு டேங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் விளக்கினாள். புளிப்பும் கிளிஞ்சலும் சேர்ந்தால் காற்று கிளம்புமாம். புளிப்பெல்லாம் கிளிஞ்சலைத் தின்பதிலேயே தீர்ந்துவிடுமாம், துருவிடம் போக மிச்சம் இருக்காதாம். நம்பாமல் ஒரு தம்ளரில் புளித்தண்ணீர் எடுத்து ஒரு கிளிஞ்சலைப் போட்டேன். பொடிப் பொடியாக முத்துப் போலக் குமிழிகள் கிளம்பி வரிசையாக மேலே வந்தன. எங்கிருந்துதான் வருகின்றனவோ! பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. பின்னால் செல்வி நிற்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சரி, இப்போதே காயலாங்கடைக்காரருக்குப் போன் போடப்போகிறாள் என்று எழுந்து நின்றேன்.

"அத்தினி சனத்துக்கு முன்னாடி கத்துனீங்களாமே? தம்பி சொன்னான்."

தலையாட்டினேன்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, புடிச்சிருக்கான்னு எங்கப்பா மூணு தடவ கேட்டாரு. அப்பக்கூட நீங்க வாயத் தொறக்கல. உங்க அக்காதான் சொன்னாங்க." டேங்கின் வீங்கிய வயிற்றை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். "இதுக்காகத் தொறந்திருக்கீங்க. இத எடைக்குப் போட்டா அந்தப் பாவம் எனக்கு வேணாம். இருந்து தொலையட்டும்."

மாசி மகத்துக்கு வண்டி ஓடவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, கிளிஞ்சல் இல்லாமல், மூடியைத் திறந்தே வைத்து, பொறுமையாகத் துருவை எடுத்தேன். இப்போது வண்டி ஓடுகிறது. டேங்கின் வீக்கம் மட்டும் வற்றவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் கொஞ்சம் அகலும்.

போன மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார், டேங்க் கரை ஒதுங்கிய அதே திருமலைராயன்பட்டினத்துக்காரர்கள். பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று என்னை எழுப்பி நிறுத்தினார்கள். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. முகம் சூடாகிக் கன்னமெல்லாம் உப்பியது. முருகையன் எழுந்து, "கொஞ்சம் பொறுங்க, மச்சானுக்கு மூடி டைட்டா இருக்கு" என்றான்.

சம்பந்தி வீட்டாரில் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.